நாநாவின் அளவு

சில வருஷங்களாக நான் கதிரையில் இருந்துதான் தொழுதேன். முழங்கால் வலி இல்லை, முதுகு வலியும் இல்லை. அறுபத்தாறு வயதிலும் குனிந்து கட்டிலுக்கு அடியில் கூட்டுவேன், யாரும் பார்க்காவிட்டால். ஆனால் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்ய எனக்கு அனுமதி இல்லை. அனுமதி தராதவர் டொக்டர் அல்ல, என் நாநா.

நாநா என்றால் எங்களில் மூத்த சகோதரர். எனக்கு இருப்பது ஒரே நாநா. கண்டி டவுனில் ரெடிமேட் உடுப்புக் கடை வைத்திருக்கிறார். வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டில் எந்தக் காரியமானாலும் அவர் வாயால் வந்தால்தான் நடக்கும். என் கல்யாணம், நான் படிப்பிக்கப் போன பள்ளிக்கூடம், மகளுக்கு மாப்பிள்ளை, மஹய்யாவ மேட்டில் நாங்கள் வாங்கிய வீடு, அந்த வீட்டுக் கதவின் நிறம் வரைக்கும் அவர் சொன்னதுதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன்.

முதலில் வீங்கியது அவருடைய குழாய். இதயத்திலிருந்து புறப்பட்டு வயிற்றுக்குள் இறங்கும் பெரிய இரத்தக் குழாய் ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. சிலருக்கு அது ஓரிடத்தில் பலமிழந்து, பழைய சைக்கிள் டியூப் புடைக்கிற மாதிரி புடைத்துவிடும். வலி தெரியாது, காய்ச்சல் வராது. நாநா பித்தப்பைக் கல்லுக்கென்று ஸ்கேன் எடுக்கப் போய் இதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ஆறு மாதத்துக்கொரு தடவை அளந்து பார்த்தார்கள். ஐந்தரை சென்டிமீட்டரைத் தாண்டியதும் வயிற்றைத் திறந்து, வீங்கிய இடத்துக்குள் துணியால் செய்த ஒரு குழாயை வைத்துத் தைத்தார்கள்.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் அவர் சேர்ஜனிடம் கேட்ட ஒரே கேள்வி, அது என்ன துணி என்பது. பொலியெஸ்டர் என்று சேர்ஜன் சொன்னார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நாநா அதைத்தான் சொன்னார். "சாயம் போகாது, சுருங்காது. நான் இம்புட்டு வருஷமா வித்த சாமான்தான் இப்ப எனக்குள்ள ஈக்கிது." தையல் பிரியாமல் சிரிக்க அவர் படாத பாடுபட்டார்.

இது குடும்பத்தில் ஓடுகிற வியாதி, கூடப்பிறந்தவர்களும் ஸ்கேன் எடுக்கட்டும் என்று சேர்ஜன் சொல்லியிருந்தார். கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். எடுத்தேன். எனக்கும் இருந்தது, நாலு சென்டிமீட்டரும் கொஞ்சமும்.

அந்த முதல் தடவை சேர்ஜன் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஆப்பரேஷனே பெரிய ஆபத்து, குழாய் சிறிதாக இருக்கும்போது அது வெடிக்கிற ஆபத்தைவிட வெட்டுகிற ஆபத்துத்தான் கூட, அதனால் இப்போது தொடுவதில்லை. பெருத்துக்கொண்டு போய் ஓர் அளவைத் தாண்டினால், அல்லது திடீரென்று வேகமாகப் பெருத்தால், வயிற்றிலோ முதுகிலோ நோவு கண்டால், அப்போது வெட்டுவதுதான் புத்தி. வெடித்தால் என்ன என்று கேட்டேன். வெடித்தால் பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்ப்பதில்லை என்றார். "ஒவ்வொரு ஸ்கேனையும் கொண்டுவந்து காட்டுங்கோ அம்மே. எப்ப என்று நான் சொல்றேன்" என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார்.

நாநா அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"கிளினிக்குல நாள் முழுக்க வாங்குல குந்திக்கிட்டு ஈக்கிறதா? எனத்துக்கு? எனக்குத் தெரியாததா? நீ ஸ்கேன எடு, என்கிட்ட காட்டு. ஐந்தர வந்தா நான் செல்றேன், போவம்."

எனக்கும் அந்த நீளப் பலகை வாங்கில் காத்திருக்க விருப்பமில்லை. அவருக்கோ ஆப்பரேஷன் முடிந்து எழும்பி வந்தவர் என்ற கெத்து. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போட்டை வாசிப்பார். நாலரை, நாலே முக்கால். "பயப்படாத. எடம் ஈக்கிது" என்பார், வயிற்றுக்குள் வாடகைக்கு அறை பார்த்தவர் போல.

ஆனால் அளவைச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. பாரம் தூக்காதே, தேங்காய் துருவாதே, படி ஏறாதே, குனியாதே, சத்தமாக இருமாதே. மலச்சிக்கல் வரவிடாதே என்று மருமகன் முன்னாலேயே சொன்னார். கோபப்படவும் கூடாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும், இதில் பெரிய அநியாயம் அதுதான். அவ்வளவு சட்டத்தையும் ஒரு மனிசர் போட்டால், கோபப்படாமல் எப்படி இருப்பது?

எங்கள் வீட்டிலிருந்து பாதைக்குப் போக செங்குத்தான படிக்கட்டு ஏற வேண்டும். கண்டியில் பாதி வீடுகள் இப்படித்தான், ஒன்றில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். படி இல்லை என்று ஆனதோடு எனக்கு டவுனும் இல்லை, மாக்கட்டும் இல்லை, பழைய ஸ்கூல் டீச்சர்மாரோடு பேசிச் சிரிக்கிற பின்னேரங்களும் இல்லை. முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மாத்தளைப் பக்கம் போகும் ரயிலின் சத்தத்தைக் கேட்பேன். மேலே பாதையில் பஸ்காரன் கத்துவது கேட்கும். எல்லோரும் எங்கேயோ போனார்கள். நான் மட்டும் என் வயிற்றுக்குக் காவல் இருந்தேன்.

படுத்தால் அது துடிப்பது தெரியும். தொப்புளுக்கு மேலே கையை வைத்தால் கைக்குள் ஏதோ உயிருள்ள ஒன்று அசைகிற மாதிரி இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. சும்மா பயமில்லை, தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்கிற பயம். நோயாளி என்று படுத்துக்கொள்ளவும் வழியில்லை, நோவு ஒன்றும் இல்லையே. சுகமான மனிசி என்று வெளியே போகவும் வழியில்லை. வெட்டுகிற அளவுக்குப் பெருக்கவில்லை, மறந்துவிட்டு இருக்கிற அளவுக்குச் சிறிதாகவும் இல்லை. பெருக்கக்கூடாது என்று துஆக் கேட்பதா, கெதியாகப் பெருத்து இந்தக் காத்திருப்பு முடியட்டும் என்று கேட்பதா என்றுகூட எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் இரண்டாவதைக் கேட்டுவிட்டு, உடனே பயந்து, பிழை பொறுக்கச் சொல்லி தௌபாச் செய்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்களுக்கு ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தது. எனக்கும் என் கணவருக்கும். நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த பயணம். இவர் பென்ஷன் எடுத்த தபால்காரர். கண்டியைச் சுற்றி இவர் ஏறாத மேடு இல்லை, ஆனால் பிளேனில் ஏறியதில்லை.

அந்த மாதம் எடுத்த ஸ்கேனில் ஐந்து தசம் ஒன்று என்று வந்தது. நாநா வாசித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார்.

"அல்லாட காவல்! இன்னம் நாலு புள்ளி ஈக்கிது. நல்லாப் போய்ட்டு வா. வந்த பொறகு வெட்டிக்கலாம்."

நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன். ஹஜ்ஜுக்காகப் படி ஏறலாம், ஹஜ்ஜுக்காக டவுனுக்குப் போகலாம், யாரும் தடுக்க முடியாது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் முதலில் சொந்தக்காரர், அயலவர் வீடெல்லாம் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தது, மெடிக்கல் சேர்ட்டிபிக்கேட்டும் கைக்கு வரவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. இவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். போன வீடெல்லாம் மாப்புத் தந்தார்கள், அவர்களும் கேட்டார்கள், கூடவே மக்காவில் தங்களுக்காகக் கேட்க வேண்டிய துஆக்களையும் சொல்லி அனுப்பினார்கள். மகளுக்குப் பிள்ளை வேண்டும், மகன் ஓ-லெவல் பாஸ் பண்ண வேண்டும், பக்கத்துக் காணிக்காரனுக்கு நல்ல புத்தி வர வேண்டும்.

கடைசியாக நாநா வீட்டுக்குப் போனேன். அவர் டீவியில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கையை ஆட்டினார்.

"நீ எனக்கு எனத்த செஞ்ச, நான் மன்னிக்க? போ, போ. மாப்பு."

அவர் திருப்பிக் கேட்கவில்லை. தான் யாருக்காவது பிழை செய்திருக்கலாம் என்பது நாநாவுக்குத் தோன்றுகிற விஷயமே அல்ல.

மெடிக்கலுக்குப் போன இடத்தில் ஒரு இளம் லேடி டொக்டர் என் ரிப்போட்டைப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினார். சேர்ஜனின் கடிதம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நாநாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். நான் கூட்டிக்கிட்டுப் போய் எடுத்துத் தாரேன்."

அப்படித்தான் நாலு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் அந்தச் சேர்ஜனின் முன்னால் போய் இருந்தோம். நான் நடுவில், இவர் ஒரு பக்கம், நாநா மறுபக்கம். சேர்ஜன் நாநாவை ஞாபகம் வைத்திருந்தார். துணி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நாநா குளிர்ந்துபோய்ச் சிங்களத்தில் தொடங்கினார். தங்கச்சி ஹஜ்ஜுக்குப் போகப்போகிறா, ஐந்து தசம் ஒன்றுதான், ஐந்தரைக்கு இன்னும் இருக்கிறது, வந்த பிறகு ஆப்பரேஷனுக்கு நாள் வைக்கலாம், இப்போதைக்கு ஒரு கடிதம். எனக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். கண்டியில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் என் வயிற்றைப் பற்றி நான் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சேர்ஜன் ரிப்போட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவ்வளவு நாளும் ஏன் கொண்டுவந்து காட்டவில்லை என்று கேட்டார். நாநா வெறும் ரிப்போட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐந்தரை என்று உங்களுக்கு யார் சொன்னது?"

பிறகு அவர் நாநாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். ஐந்தரை என்பது ஆண்களுக்குப் பார்க்கிற அளவு. பெண்களுக்குக் குழாய் முதலிலேயே ஒடுக்கம். அதே வீக்கம் பெண்ணுக்கு வந்தால் கூடுதல் வீக்கம், ஆணுக்கு வெடிப்பதைவிடச் சிறிய அளவிலேயே வெடிக்கும். அதனால் பெண்களுக்கு ஐந்தை எட்டும்போதே ஆப்பரேஷனைப் பற்றிப் பேச வேண்டும். "நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள் அம்மே."

நான் நாநாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கடையில் ஒரு பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால் முதலாம் நாள் அவர் படிப்பிப்பது ஒன்றுதான். ராக்கையில் இருந்து எதையும் எடுக்க முதல் கேள், ஆம்பிளைக்கா பொம்பிளைக்கா. ஐம்பது வருஷமாக யாருக்கும் அளவு மாற்றிக் கொடுக்காத மனிசர், சொந்தத் தங்கச்சிக்குத் தன்னுடைய அளவைக் கொடுத்துவிட்டார்.

"என் நாநாவுக்கு ஐந்தரை, டொக்டர். அதத்தான் எனக்கும் பார்த்தோம்" என்று நானே சிங்களத்தில் சொன்னேன். அந்த அறையில் நான் சொன்ன முதல் வசனம் அது.

பிறகு ஹஜ்ஜைக் கேட்டேன். போவதும் போகாததும் உங்கள் தீர்மானம் என்றார் சேர்ஜன். அங்கே வெயில், நெரிசல், நடை. போய் ஒன்றும் ஆகாமல் திரும்பி வரலாம். வழியில் வெடித்தால் அங்கே நான் இல்லை. இந்த வயதில், உங்கள் இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும்போது முதலில் வெட்டிவிட்டு, ஆறிய பிறகு போகச் சொல்வேன். வெட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன்.

நாநா வாயைத் திறந்தார். சேர்ஜன் அவரைப் பார்க்காமல் என்னிடம், "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

என்னிடம் கேட்டார். எனக்கு அது பழக்கமில்லையே. இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். எழும்பும்போதுதான் ஞாபகம் வந்து, இனிமேலாவது குனிந்து தொழலாமா என்று கேட்டேன்.

"குனிய வேண்டாம் என்று யார் சொன்னது?"

குனியாதே, தூக்காதே, படி ஏறாதே என்பதெல்லாம் வயிறு வெட்டித் தைத்த பிறகு நாநாவுக்குச் சொன்ன புத்திமதிகள். வெட்டாத என் வயிற்றுக்கு அவர் அதை அப்படியே போர்த்திவிட்டார். அதிபாரம் தூக்காமல், பிரஷரைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, நடந்து திரிந்திருக்கலாமாம். சுஜூது செய்திருக்கலாமாம். நாலு வருஷம்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் நாநாவோடு பேசவில்லை. வாவிக்கரையில் வாகன நெரிசலில் கார் நின்றது. அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு அந்தியில் மஃரிப் தொழுகைக்கு நான் கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரித்தேன். மகள் "உம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். இவர் அவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் நெற்றியைத் தரையில் வைத்தேன். வயிறு துடித்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழும்ப மனம் வரவில்லை. பாய் நனைகிற அளவுக்கு அழுதேன். அல்லாஹ்விடம் நாநாவைப் பற்றிச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன்.

அடுத்த நாள் பின்னேரம் எல்லோரும் எங்கள் ஹோலில் கூடினார்கள். நாநா கொழும்பில் இன்னொரு பெரிய டொக்டரைக் காட்டுவோம் என்றார். மருமகன், பயணத்தையும் ஆப்பரேஷனையும் இரண்டையும் ஆறு மாதம் தள்ளலாம் என்றார். மகள் அழுதாள். நான் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்து முடித்துவிட்டு நடுவில் நின்று சொன்னேன்.

"வயிறு என்ட. நான் வெட்டப் போறேன். இந்த மாசமே. ஹஜ்ஜுக்கு, உயிரோட ஈந்தா, அடுத்த வருஷம் போறேன்."

நாநா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நானும் போகல்ல" என்றார் இவர்.

நீங்களாவது போங்க என்று அன்றிரவு சண்டை பிடித்துப் பார்த்தேன். நீங்க இல்லாம அங்க போய் நான் யாரோட பேசுற என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ஆப்பரேஷனுக்கு முந்திய நாட்கள் எனக்கு எப்படிப் போனதென்று சொல்லத் தெரியவில்லை. தீர்மானம் என்னுடையது என்பதால் பயம் குறையவில்லை, கூடியது. முன்பு பயந்தால் நாநாவைக் குற்றம் சொல்லலாம். இப்போது அதற்கும் வழியில்லை. ஹஜ்ஜுக்கென்று கேட்ட மாப்பு ஆப்பரேஷனுக்கும் செல்லுமா, திரும்ப ஒரு சுற்றுப் போக வேண்டுமா என்று இவரிடம் கேட்டேன். மாப்பு மாப்புத்தான் என்றார்.

அன்று காலையில் வார்டில் என்னைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றி, பச்சைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். மகளும் இவரும் வந்து கையைப் பிடித்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நாநா வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"தங்கச்சி."

"சொல்லுங்க நாநா."

"என்ட அளவு… நான் நல்லதுக்கெண்டுதான்…" தொப்பியை மற்றக் கைக்கு மாற்றினார். "மாப்புச் செய்."

எவ்வளவு நாளாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உடனே கொடுத்திருக்கலாம். கொடுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அந்த நேரத்தில் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு போகக்கூடாது. ஆனால் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் போல, பிறகு நான் திரும்பி வர ஒரு காரணமும் மிஞ்சாது போல எனக்கு ஒரு பயம் வந்தது.

"இப்ப இல்ல" என்றேன். "வந்து தாரேன். அது வரைக்கும் இருங்க."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூரையில் லைட்டுகள் ஒவ்வொன்றாக என் முகத்துக்கு மேலே பின்னால் போயின. நாநா கூடவே நடந்து வருகிற செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் கேட்டது.

கண் திறந்தபோது வாய்க்குள் குழாய் இருந்தது. பேச முடியாது. வயிறு முழுக்க நெருப்பு. ஆனால் நோவு இருந்தது என்றால் நானும் இருந்தேன். யாரோ ஒருவரைக் கொஞ்ச நேரத்துக்கு உள்ளே விட்டிருந்தார்கள். யாரை விட்டிருப்பார்கள்? நாநாதான். இவரை முந்திக்கொண்டு வந்திருப்பார். குனிந்து என் காதுக்குக் கிட்டே வந்தார்.

"வந்திட்ட. அல்ஹம்துலில்லாஹ். பொலியெஸ்டர்தான், கேட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ பேச ஏலாதுதானே. பரவாயில்ல. மாப்புத் தந்திட்டாய் எண்டு நான் எடுத்துக்கிறேன்."

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் திரும்பவும் ஆட்டினேன். நேர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றார். நாநா வெளியே போனார்.

மறுநாள் குழாயை எடுத்தார்கள். பின்னேரம் நாநா வந்து கட்டில் அருகே நின்றார். சுகமா என்று கேட்கவில்லை, இப்படிப் படு அப்படிப் படு என்று சொல்லவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறந்ததிலிருந்து இன்றுவரை அவர் அப்படி நின்று நான் கண்டதில்லை.

கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன். பிறகுதான் மாப்பு என்று சொன்னேன்.